அமெரிக்க வரலாற்றுச் சொற்கள், ஜேம்ஸ்டவுனிலிருந்து டிரஸ்ட் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோர், குடியுரிமைத் தேர்வுக்குப் படிப்பவர்கள், இங்கே போட்டித் தேர்வுக்காக உலக வரலாற்றைப் புரட்டுபவர்கள் என்று எல்லோரும் தடுக்கி விழுவது ஏறக்குறைய ஒரே சொற்களில்தான். பாடப்புத்தகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். அந்த ஒரு வரியை மனப்பாடம் செய்தால் மதிப்பெண் வரும், விஷயம் பிடிபடாது. எந்தச் சொல்லானாலும் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள்: நிலம் யாருடையது? அதில் உழைத்தது யார்? அமெரிக்காவின் முதல் 300 ஆண்டுச் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றில் வந்து முடியும்.

காலனிகளை ஆரம்பித்தது இங்கிலாந்து அரசா?

நேரடியாக இல்லை. அரசர் உரிமைச் சாசனம் கொடுத்தார், பணம் போட்டது கம்பெனி. 1607இல் ஜேம்ஸ்டவுனை, அதாவது அமெரிக்காவில் நிலைத்து நின்ற முதல் ஆங்கிலேயக் குடியேற்றத்தை, நிறுவியது லண்டன் வணிகர்களின் வர்ஜீனியா கம்பெனி. நமக்கு நன்றாகத் தெரிந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஏறக்குறைய சமவயது. பங்குதாரர்கள் எதிர்பார்த்தது தங்கம், கிடைத்தது பட்டினி. 1609-10 குளிர்காலத்தில் பெரும்பாலானவர்கள் செத்துப் போனார்கள். அப்புறம் ஜான் ரால்ஃப் என்பவர் நல்ல ரகப் புகையிலையைப் பயிரிட்டுக் காட்டிய பிறகுதான் காலனி காசு பார்த்தது.

புகையிலைக்கு நிறைய நிலமும் நிறைய ஆட்களும் வேண்டும். நிலம் பவ்ஹாட்டன் பூர்வகுடிகளிடம் இருந்தது. ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பது அடுத்த கேள்வி.

ஒப்பந்தக் கூலியும் அடிமையும் ஒன்றா?

ஒன்றில்லை, ஆனால் தொடக்கத்தில் கோடு அவ்வளவு தெளிவாகவும் இல்லை. கப்பல் கட்டணம் இல்லாத ஏழை ஆங்கிலேயர்கள் நான்கு முதல் ஏழு ஆண்டு வேலை செய்வதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். காலம் முடிந்தால் விடுதலை. பிற்காலத்தில் நம்மவர்களை மொரீஷியசுக்கும் நேட்டாலுக்கும் ஃபிஜிக்கும் ஏற்றிச் சென்ற முறை இதற்குத் தம்பி. ஆளைக் கூட்டிவந்தவருக்குத் தலைக்கு 50 ஏக்கர் நிலம் கிடைத்தது, இதற்குப் பெயர் 'ஹெட்ரைட்'. ஆக, ஆள் பிடித்து வருவதே சொத்து சேர்க்கும் வழி.

1619இல் இருபதுக்கும் சற்று மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் வர்ஜீனியாவில் விற்கப்பட்டார்கள். அதே ஆண்டில்தான் அங்கே முதல் பிரதிநிதிகள் சபையும் கூடியது. இரண்டும் ஒரே கோடையில் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், தேதி மறக்காது. அதன் பிறகு சட்டம் படிப்படியாக இறுகியது. தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்றது 1662ஆம் ஆண்டுச் சட்டம். 1676இல் பேக்கன் கலகத்தில் வெள்ளைக் கூலிகளும் கறுப்பினத்தவரும் சேர்ந்து ஆளுநரை எதிர்த்து ஜேம்ஸ்டவுனையே கொளுத்தினார்கள். பண்ணை முதலாளிகள் இதைப் பார்த்து அரண்டுபோனதும், பரம்பரை அடிமைகளை மேலும் மேலும் நம்பத் தொடங்கியதற்கு ஒரு காரணம் என்று பல வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். 1705இல் அடிமைச் சட்டங்கள் முழுத் தொகுப்பாகவே வந்துவிட்டன.

பில்கிரிம், பியூரிட்டன் இருவரும் ஒருவரா?

உறவினர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பில்கிரிம்கள் இங்கிலாந்துத் திருச்சபையை விட்டு அடியோடு விலகியவர்கள், 1620இல் மேஃபிளவர் கப்பலில் பிளிமத் வந்தார்கள். பியூரிட்டன்கள் உள்ளிருந்தே சபையைச் சுத்தம் செய்ய நினைத்தவர்கள், 1630 முதல் மாசசூசெட்ஸ் பே காலனிக்குப் பெருங்கூட்டமாக வந்தார்கள். மேஃபிளவர் ஒப்பந்தம் என்பது 41 ஆண்கள் கையெழுத்திட்ட மிகச் சிறிய ஆவணம், 'நாங்களே கூடிச் சட்டம் செய்துகொள்வோம்' என்பதே அதன் சாரம். மதச் சுதந்திரம் தேடி வந்தவர்கள்தான், ஆனால் அந்தச் சுதந்திரத்தை மற்றவர்களுக்குக் கொடுக்கப் பியூரிட்டன்களுக்கு மனம் வரவில்லை. ரோஜர் வில்லியம்ஸை விரட்டினார்கள், அவர் போய் ரோட் ஐலண்டை ஆரம்பித்தார்.

மெர்கன்டிலிசம் என்றால்?

காலனி இருப்பது தாய்நாட்டின் பெட்டியை நிரப்பத்தான் என்ற கொள்கை. மூலப்பொருள் இங்கிலாந்துக்குப் போக வேண்டும், செய்த பொருளை அங்கிருந்தே வாங்க வேண்டும், சரக்கு ஆங்கிலேயக் கப்பலில்தான் ஏற வேண்டும். 1651 முதல் வந்த கப்பல் போக்குவரத்துச் சட்டங்கள் இதைத்தான் சொல்லின. சட்டம் இருந்ததே தவிர நெடுங்காலம் கறாராக அமல்படுத்தவில்லை. காலனி வணிகர்களும் கடத்தலுக்குப் பழகிவிட்டார்கள். பின்னால் லண்டன் திடீரென்று கறாரானதும் கோபம் வந்ததற்கு இந்தப் பழக்கமும் காரணம்.

தேநீர் வரி ஏறியதால்தானே பாஸ்டனில் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள்?

பெரும்பாலானவர்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. 1773ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டம் விலையைக் குறைத்தது! கடனில் தத்தளித்த கிழக்கிந்தியக் கம்பெனியைக் காப்பாற்ற, அது தன் தேயிலையை நேரடியாகக் காலனிகளில் விற்கலாம் என்று நாடாளுமன்றம் அனுமதித்தது. பவுண்டுக்கு மூன்று பென்ஸ் பழைய வரி மட்டும் அப்படியே நின்றது. மலிவாக வாங்கிக் குடித்தால் அந்த வரியை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது அரசியல் கோபம். கம்பெனிக்கு ஏகபோகம் கிடைத்தால் உள்ளூர் வியாபாரிகளும் கடத்தல்காரர்களும் பிழைப்பது எப்படி என்பது காசுக் கோபம். இரண்டும் சேர்ந்து டிசம்பர் 16 இரவு மூன்று கப்பல்களில் ஏறி 342 பெட்டிகளைத் தண்ணீரில் கவிழ்த்தன. அது இந்தியத் தேயிலை இல்லை, சீனத் தேயிலை.

பதிலுக்குப் பிரிட்டன் பாஸ்டன் துறைமுகத்தையே மூடியது. அங்கிருந்து சுதந்திரப் போருக்கு அதிக தூரம் இல்லை.

போகிற போக்கில் ஒரு துணுக்கு: 1781இல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் தோற்றுச் சரணடைந்த கார்ன்வாலிஸ்தான் 1786இல் கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்தார். 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து திண்டுக்கல்லையும் பாராமகாலையும், அதாவது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளையும், கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்ததும் இவரேதான்.

முதலில் ஒரு அரசமைப்பு இருந்ததாமே, அது என்ன ஆனது?

ஆர்டிகிள்ஸ் ஆஃப் கான்ஃபெடரேஷன், 1781இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மத்திய அரசு வரி போட முடியாது, மாநிலங்களிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும், அவை கொடுக்காமலும் இருக்கலாம். திருத்தம் செய்ய 13 மாநிலங்களும் ஒப்ப வேண்டும். 1786இல் மாசசூசெட்ஸ் விவசாயிகள், பலர் போரில் சண்டையிட்டவர்கள், வரியையும் கடனையும் உலோகக் காசாகக் கட்ட முடியாமல் நிலத்தை இழந்தபோது, டேனியல் ஷேஸ் போன்றவர்கள் தலைமையில் ஜப்தி வழக்கு நடக்கும் நீதிமன்றங்களை மறித்தார்கள். அதை அடக்க மத்திய அரசிடம் படையும் இல்லை, பணமும் இல்லை. சொத்துள்ளவர்கள் பயந்தார்கள். மறு ஆண்டே பிலடெல்பியாவில் கூடிப் புதிய அரசமைப்பை எழுதினார்கள்.

இதே பலவீனமான அரசு உருப்படியாகச் செய்த ஒரு காரியம் 1785ஆம் ஆண்டு நில அளவைச் சட்டம். ஒஹையோவிலிருந்து மேற்கே நிலத்தை ஆறு மைல் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் 640 ஏக்கர் கொண்ட 36 துண்டுகளாக்கினார்கள். 16ஆவது துண்டின் வருமானம் பள்ளிக்கூடத்துக்கு. சிகாகோ பக்கம் விமானத்தில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தால் கீழே கட்டம் கட்டமாகத் தெரிவது அந்தச் சட்டம்தான். அளந்து விற்கப்பட்ட நிலத்தில் ஏற்கெனவே ஷாவ்னி, மயாமி என்ற பூர்வகுடி மக்கள் குடியிருந்தார்கள் என்பதை அந்தக் கட்டங்கள் காட்டாது.

'ஐந்தில் மூன்று' சமரசம் கறுப்பினத்தவரை முக்கால் மனிதராக்கியதா?

முதலில் கணக்கு: ஐந்தில் மூன்று முக்கால் ஆகாது. அடுத்து, யார் எதைக் கேட்டார்கள் என்று பாருங்கள். அடிமைகளை முழுதாக எண்ண வேண்டும் என்று அடம்பிடித்தது தென் மாநில முதலாளிகள்தான். எண்ணிக்கை கூடினால் அவர்களுக்கு நாடாளுமன்ற இடமும் கூடும். எண்ணவே கூடாது என்றார்கள் வடக்கில். முடிவில் ஐந்து அடிமைகளுக்கு மூன்று பேர் கணக்கு. ஓட்டுரிமை இல்லாதவர்களின் தலையை எண்ணி அவர்களை விலங்கிட்டவர்களுக்குக் கூடுதல் இடம் கொடுத்தார்கள். குடியரசுத் தலைவர் தேர்தலிலும் இதே கணக்குதான், ஏனென்றால் தேர்வாளர் குழுவின் எண்ணிக்கை நாடாளுமன்ற இடங்களை ஒட்டியது. இவ்வளவும் எழுதிய மூல ஆவணத்தில் 'அடிமை' என்ற சொல்லே கிடையாது. 'மற்ற நபர்கள்' என்று நாசூக்காக எழுதியிருக்கிறார்கள்.

நீதிமன்ற மறுஆய்வு, உரிமைச் சாசனம் பற்றிச் சுருக்கமாக?

1791இல் சேர்த்த முதல் பத்துத் திருத்தங்கள் உரிமைச் சாசனம். அரசமைப்புக்கு முரணான சட்டத்தை நீதிமன்றம் செல்லாது என்று சொல்லலாம் என்பது நீதிமன்ற மறுஆய்வு, 1803இல் மார்பரி எதிர் மேடிசன் வழக்கில் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் நிலைநாட்டியது. நம் உச்ச நீதிமன்றம் தினமும் செய்வதுதான், புரிந்துகொள்வதில் சிரமம் இருக்காது.

மேனிஃபெஸ்ட் டெஸ்டினி, கண்ணீர்ப் பாதை: இரண்டுக்கும் என்ன தொடர்பு?

1803இல் லூயிசியானா நிலப்பரப்பை பிரான்சிடமிருந்து 1.5 கோடி டாலருக்கு வாங்கியதில் நாடு இரட்டிப்பானது. கண்டம் முழுவதும் பரவுவது எங்களுக்கு விதிக்கப்பட்டது என்ற எண்ணத்துக்கு 1845இல் ஒரு பத்திரிகை வைத்த பெயர் மேனிஃபெஸ்ட் டெஸ்டினி. பெயர் பின்னால் வந்தது, வேலை முன்பே நடந்துகொண்டிருந்தது.

செரோக்கி என்ற பூர்வகுடி மக்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வேளாண்மை செய்தார்கள், எழுதப்பட்ட அரசமைப்பு வைத்திருந்தார்கள். சீக்வோயா என்ற செரோக்கி தன் மொழிக்குத் தானே ஓர் எழுத்து முறையை உருவாக்கினார், 1828இல் அதில் செய்தித்தாள் வந்தது. 'நாகரிகம் அடையுங்கள், விட்டுவிடுகிறோம்' என்று சொன்ன எல்லா நிபந்தனையையும் நிறைவேற்றியவர்கள். ஆனால் ஜார்ஜியாவில் அவர்கள் நிலத்தில் தங்கம் கிடைத்தது, பருத்திக்கும் அந்த நிலம் வேண்டும். 1830இல் பூர்வகுடிகளை அகற்றும் சட்டம். 1832இல் உச்ச நீதிமன்றம் செரோக்கி பக்கம் தீர்ப்புச் சொன்னது, குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சனின் அரசு அசையவில்லை. 1835இல் அதிகாரமில்லாத ஒரு சிறு குழுவிடம் கையெழுத்து வாங்கி அதையே ஒப்பந்தம் என்றார்கள். 1838இல் படைவீரர்கள் வீடு வீடாக வந்து மக்களை முகாம்களில் அடைத்து, சுமார் 16,000 பேரை இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பினார்கள், அந்தப் பயணம்தான் கண்ணீர்ப் பாதை. ஏறக்குறைய 4,000 பேர் முகாமிலும் வழியிலும் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். வழக்குப் போட்டு ஜெயித்தும் நிலம் போன கதை இது.

ஒரு பருத்தி இயந்திரத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

அமெரிக்காவின் உள்நாட்டு நிலங்களில் விளைந்தது குட்டை இழைப் பருத்தி. அதன் கொட்டை பஞ்சோடு பிசினாக ஒட்டிக்கொள்ளும். இந்தியாவில் பல நூற்றாண்டுகளாக இருந்தது போன்ற உருளைக் கருவி அதற்குச் சரிப்படவில்லை. கையால் பிரித்தால் ஒருவர் நாள் முழுக்க உழைத்தும் ஏறக்குறைய ஒரு பவுண்டு சுத்தப் பஞ்சுதான் தேறும். 1793இல் எலை விட்னி செய்த கருவியில் ஓர் உருளையில் கம்பிக் கொக்கிகள். அவை பஞ்சைக் கவ்வி ஒரு குறுகிய இடுக்கு வழியாக இழுக்கும், கொட்டை இடுக்கில் நுழைய முடியாமல் தங்கிவிடும், பின்னால் சுழலும் தூரிகை பஞ்சை வழித்தெடுக்கும். ஒரு நாளைக்கு 50 பவுண்டு.

வேலையைக் குறைக்கும் இயந்திரம் வந்தால் அடிமை முறை தேயும் என்று நினைக்கத் தோன்றும். நடந்தது தலைகீழ். குறைந்தது கொட்டை பிரிக்கும் வேலை மட்டும், விதைக்கவும் களையெடுக்கவும் காய் பறிக்கவும் கைதான் வேண்டும். லாபம் ஏற ஏறப் பருத்தி அலபாமா, மிசிசிப்பி என்று மேற்கே ஓடியது. 1790இல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1860இல் சுமார் 40 லட்சம். வர்ஜீனியாவிலிருந்து லட்சக்கணக்கானவர்களைக் குடும்பம் பிரித்து தெற்கே விற்றார்கள். விட்னியோ காப்புரிமை வழக்குகளிலேயே காலத்தைக் கழித்தார், பெரிய பணம் பார்க்கவில்லை.

லோவெல் மில் பெண்கள் யார்?

அந்தப் பருத்தியை நூற்று நெய்தவர்கள். மாசசூசெட்ஸில் மெரிமாக் ஆற்றோரம் 1820களில் எழுந்த மில் நகரம் லோவெல். சுற்றுவட்டாரப் பண்ணைக் குடும்பங்களின் மணமாகாத பெண்களைக் கம்பெனி விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கினார்கள். விடியுமுன் மணி, சாப்பாட்டுக்கு மணி, விளக்கணைக்க மணி. நாளுக்கு 12, 13 மணி நேரம். நூல் அறாமலிருக்க ஈரப்பதம் வேண்டும் என்று சன்னல்களை அடைத்தே வைப்பார்கள், காற்றில் பஞ்சுத் துகள் மிதக்கும். கையில் சொந்தக் காசு, வாசிக்கப் புத்தகம், சேர்ந்து பேசத் தோழிகள் என்று நல்லதும் இருந்தது, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. 1834இல் கூலியைக் குறைத்தபோது வேலைநிறுத்தம் செய்தார்கள். 1836இல் விடுதிக் கட்டணம் ஏறியபோது மறுபடியும். பிறகு பத்து மணி நேர வேலைநாள் கேட்டு சட்டமன்றத்துக்கு மனு எழுதினார்கள். வடக்கு மில்லும் தெற்குப் பண்ணையும் எதிரெதிர் உலகங்கள் என்று பாடப்புத்தகம் காட்டும். ஒரே நூலின் இரண்டு முனைகள் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஈரி கால்வாய் எதற்கு வெட்டினார்கள்?

ஏரிகள் சூழ்ந்த உட்பகுதியை நியூயார்க் துறைமுகத்தோடு இணைக்க. 363 மைல் நீளம், 1825இல் முடிந்தது. பஃபலோவிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு டன் சரக்கு அனுப்ப 100 டாலர் ஆனது 10 டாலருக்குக் கீழே வந்தது. உள்ளூர்ச் சந்தைக்கு விளைவித்தவர் தூரத்துச் சந்தைக்கு விளைவிக்கத் தொடங்கினார், இதைத்தான் 'சந்தைப் புரட்சி' என்கிறார்கள். தூரம் என்றால் எவ்வளவு தூரம்? பாஸ்டனைச் சேர்ந்த ஃபிரெடரிக் டியூடர் அங்கத்து ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து இந்தியாவுக்கே கப்பலேற்றினார். சென்னையில் அதைச் சேமிக்க 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம்.

உள்நாட்டுப் போர் மாநில உரிமைக்காகவா, அடிமை முறைக்காகவா?

அடிமை முறைக்காக. 1861-65இல் நாட்டைவிட்டுப் பிரிந்து வடக்கோடு போரிட்ட தென் மாநிலங்கள் வெளியிட்ட அறிக்கைகளைப் படித்தால் சந்தேகம் தீரும், மிசிசிப்பி தன் அறிக்கையின் தொடக்கத்திலேயே அதைச் சொல்லிவிடுகிறது. மாநில உரிமை என்ற வாதத்தைத் தெற்கு தனக்கு வேண்டியபோது மட்டுமே எடுத்தது. 1850ஆம் ஆண்டு ஓடிப்போன அடிமைகள் சட்டத்தைப் பாருங்கள். வட மாநிலங்களின் விருப்பத்தை மீறி, மத்திய அரசின் பலத்தால் ஆளைப் பிடித்துத் தர வேண்டும் என்றது அது. அதைக் கேட்டு வாங்கியதே தெற்குதான்.

தப்பி ஓடியவர்களுக்கு உதவிய ரகசிய வலைப்பின்னல்தான் 'நிலத்தடி ரயில்பாதை'. தண்டவாளமும் கிடையாது, சுரங்கமும் கிடையாது. ஒளிந்துகொள்ள வீடுகள், வழிகாட்ட ஆட்கள். ஹேரியட் டப்மன் தானே தப்பி வந்தவர், மறுபடி மறுபடி மேரிலாந்துக்குத் திரும்பிப் போய்ச் சுமார் 70 பேரைக் கூட்டிவந்தார்.

லிங்கனின் பிரகடனத்தோடு அடிமை முறை முடிந்ததா?

1863 ஜனவரி 1 பிரகடனம் கிளர்ச்சி செய்த பகுதிகளுக்கு மட்டும். ஒன்றியத்தில் நின்ற கென்டக்கி, மிசௌரி, மேரிலாந்து, டெலவர் அடிமைகளுக்கு அது பொருந்தாது. ஆனால் கறுப்பினத்தவர் படையில் சேர அது வழி திறந்தது, ஏறக்குறைய 1,80,000 பேர் சேர்ந்தார்கள். நாடு முழுவதும் சட்டப்படி ஒழித்தது 1865 டிசம்பரில் வந்த 13ஆவது திருத்தம். அதிலும் ஒரு ஓட்டை: குற்றத்துக்குத் தண்டனையாகக் கட்டாய உழைப்பு செல்லும். வேலையில்லாமல் திரிந்ததாகக் கைதுசெய்து, கைதியைப் பண்ணைக்கும் சுரங்கத்துக்கும் வாடகைக்கு விடும் தொழில் அந்த ஓட்டை வழியாகவே தழைத்தது.

போருக்குப் பின் விடுதலையானவர்களுக்கு நிலம் கிடைத்ததா?

ரீகன்ஸ்ட்ரக்ஷன் எனப்படும் 1865-77 காலத்தின் மையக் கேள்வி இது. வடக்குப் படையின் ஜெனரல் ஷெர்மன் கரையோர நிலத்தைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்க உத்தரவிட்டார். லிங்கன் கொலைக்குப் பின் வந்த ஆண்ட்ரூ ஜான்சன் அதில் பெரும்பகுதியைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுத்தார்.

மிஞ்சியது வாரச் சாகுபடி. நம் கிராமங்களில் வாரம் என்றால் விளக்கவே வேண்டாம். நிலம், கோவேறு கழுதை, விதை, குடிசை எல்லாம் முதலாளி கொடுப்பார், விளைச்சலில் பாதி அவருக்கு. அறுவடை வரை மாவும் பன்றிக் கறியும் துணியும் கடையில் கடன், கடனுக்கு விளையப்போகும் பருத்தியே ஈடு. ரொக்க விலை ஒன்று, கடன் விலை வேறொன்று. கணக்குப் புத்தகம் கடைக்காரர் கையில். வருடக் கடைசியில் கணக்குப் பார்த்தால் பாக்கிதான் நிற்கும், அதைத் தீர்க்க அடுத்த வருடமும் அதே நிலம். ஏழை வெள்ளையர்களும் இதில் சிக்கினார்கள்.

1877இல் மத்தியப் படைகள் தெற்கில் காவலைக் கைவிட்டதும் கறுப்பினத்தவரின் ஓட்டுரிமையைத் தலைவரி, எழுத்தறிவுத் தேர்வு என்று ஒவ்வொன்றாகப் பறித்தார்கள். தனி ரயில் பெட்டி, தனிப் பள்ளி என்று பிரித்துவைத்த சட்டங்களுக்கு ஜிம் க்ரோ சட்டங்கள் என்று பெயர். 1896இல் பிளெஸ்ஸி வழக்கில் உச்ச நீதிமன்றமே அதற்கு முத்திரை குத்தியது.

ஹோம்ஸ்டெட் சட்டம் இலவச நிலம்தானே?

ஆமாம், 1862 சட்டப்படி சிறு கட்டணம் கட்டி ஐந்து ஆண்டு குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் சொந்தம். மழை குறைந்த மேற்குச் சமவெளியில் அது பலருக்குப் போதவில்லை, விட்டுவிட்டுப் போனவர்கள் ஏராளம். ரயில் கம்பெனிகளுக்கு அரசு கொடுத்த நிலமோ கோடிக்கணக்கான ஏக்கர். கண்டம் கடக்கும் பாதை 1869 மே 10 அன்று யூட்டாவில் இணைந்தது. சியரா நெவாடா மலையைக் குடைந்து மேற்குப் பகுதியைப் போட்டவர்களில் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். 1882இல் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரவே கூடாது என்று சட்டம் வந்தது.

கில்டட் ஏஜ், டிரஸ்ட் என்றால் என்ன?

1870களிலிருந்து நூற்றாண்டு முடிவு வரையிலான காலம், மேலே தங்க முலாம், உள்ளே வேறு உலோகம் என்ற கிண்டல். கார்னகி இரும்புத் தாதுச் சுரங்கம், கரி, கப்பல், உருக்காலை என்று ஒரு பொருளின் எல்லாப் படிகளையும் கைக்குள் கொண்டுவந்தார், இது செங்குத்து ஒருங்கிணைப்பு. ராக்ஃபெல்லர் ஒரே படியில், எண்ணெய் சுத்திகரிப்பில், போட்டியாளர்களை வாங்கியோ நசுக்கியோ ஏறக்குறைய 90 சதவீதத்தைப் பிடித்தார், இது கிடைமட்டம். ரயில் கம்பெனிகளிடம் ரகசியத் தள்ளுபடி வாங்கியது அவருடைய பெரிய ஆயுதம். பல கம்பெனிகளின் பங்குகளை ஒரே குழுவிடம் ஒப்படைத்து ஒன்றாக நடத்துவதுதான் டிரஸ்ட். நம்மூர் தர்ம டிரஸ்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மே தினம் அமெரிக்காவில் பிறந்தது என்கிறார்களே?

உண்மைதான். 1886 மே 1 அன்று எட்டு மணி நேர வேலை கேட்டு நாடு தழுவிய வேலைநிறுத்தம். மே 4 அன்று சிகாகோவின் ஹேமார்க்கெட்டில் கூட்டம் கலையும் நேரத்தில் யாரோ குண்டு வீசினார்கள், போலீஸ் சுட்டது. வீசியவர் யார் என்று நிரூபிக்காமலே நான்கு பேரைத் தூக்கிலிட்டார்கள். அவர்கள் நினைவாக உலகம் கொண்டாடும் நாளை இந்தியாவில் முதலில் கொண்டாடியவர் சிங்காரவேலர், 1923இல், சென்னைக் கடற்கரையில். அமெரிக்கா தன் தொழிலாளர் தினத்தைச் செப்டம்பரில் வைத்துக்கொண்டது.

ஷெர்மன் ஏகபோகத் தடைச் சட்டம் டிரஸ்ட்களை அடக்கியதா?

1890இல் வந்த சட்டம். முதல் பெரிய சோதனை சர்க்கரை டிரஸ்ட். நாட்டின் சர்க்கரைச் சுத்திகரிப்பு ஏறக்குறைய மொத்தமும் அதன் கையில். உற்பத்தி வேறு, வணிகம் வேறு, இந்தச் சட்டம் வணிகத்துக்குத்தான் என்று 1895இல் உச்ச நீதிமன்றம் அதை விட்டுவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் புல்மன் ரயில்பெட்டித் தொழிலாளர்கள், கூலியைக் குறைத்த கம்பெனி தன் குடியிருப்பு வாடகையைக் குறைக்க மறுத்ததால் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுக்குத் துணை நின்ற ரயில்வே சங்கத்துக்குத் தடையாணை கொடுத்த சிகாகோ நீதிமன்றம் இதே ஷெர்மன் சட்டத்தைத்தான் ஆதாரமாகக் காட்டியது. சங்கத் தலைவர் யூஜின் டெப்ஸுக்கு ஆறு மாதச் சிறை. ராக்ஃபெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயிலை இந்தச் சட்டத்தின்படி உடைக்க 1911 வரை ஆனது. 34 கம்பெனிகளாகப் பிரித்தார்கள். அவற்றின் பங்கு விலை ஏறியதில் ராக்ஃபெல்லர் முன்னைவிடப் பணக்காரரானார்.